பக்கத்து வீட்டுப் புல்தரை

வெயில் உச்சத்தில் இருக்கும் அக்டோபர் மாதத்தில், எங்கள் ஏரிக்கரை ஊர் சியாவோங்காவில் பச்சையாக ஓர் இடம் இருந்தது என்றால் அது சிஸ்ஸல் வீட்டுப் புல்தரைதான். மலை கருகிக் கிடக்கும். ஏரி உள்வாங்கி, கரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஆடுகள் கடை வாசலில் அட்டைப்பெட்டியைத் தின்னும். அவள் வீட்டில் மட்டும் ஏரியிலிருந்து மோட்டார் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அவள் புருஷன் ஏய்ரிக் நார்வேயிலிருந்து எதற்காக இங்கே வந்திருக்கிறான் தெரியுமா? எங்கள் ஜனங்களுக்குத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொடுக்க. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் வெளியிலிருந்து வந்தவள்தான், மறைக்கவில்லை. கிரீஸிலிருந்து, மீன்பிடிப் படகு நடத்த வந்த புருஷனோடு வந்தேன். அவர் இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார். நான் ரொட்டி சுட்டுப் பிழைக்கிறேன். இந்த ஊரில் பெண்களைப் பிள்ளையின் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். லுயாண்டோவைப் பெற்றவள் பீனா லுயாண்டோ. எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் என்னை பீனா சிங்க்வா ஆக்கிவிட்டார்கள், ரொட்டிக்கு அம்மா. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. இப்போது டெஸ்பினா என்று கூப்பிட்டால் எனக்கே யாரையோ கூப்பிடுவது போல இருக்கும்.

பீனா லுயாண்டோ இல்லையென்றால் என் கடை இல்லை. விறகு அடுப்பு அவள் சொன்ன பேச்சைத்தான் கேட்கும். மேட்டுக் குடியிருப்பில் வீடு. விடியும் முன்னால் கிளம்பி, சிஸ்ஸல் வீட்டுச் சுவரை ஒட்டிய சந்து வழியாக இறங்கிக் கரையோரமாக என் கடைக்கு வருவாள். வேறு வழி என்றால் மலையைச் சுற்ற வேண்டும். அதற்குள் ஊர் முழுக்க ரொட்டிக்காக வந்து நின்றுவிடும்.

நீர்யானை இங்கே யாருக்கும் புதிதில்லை. இருட்டியதும் கரையேறி மேயும், விடிவதற்குள் தண்ணீருக்குத் திரும்பிவிடும். அது திரும்பும் வழியில் நாம் குறுக்கே நின்றால்தான் ஆபத்து. அதனால் விடியலில் சந்தில் இறங்குகிறவர்கள் கையில் ஒரு தகர டின் வைத்துக்கொண்டு, தட்டிக்கொண்டே வருவார்கள். டக், டக், டக். நான் வருகிறேன், நீ போ என்று அதற்குச் சொல்வது. அதுவும் கேட்டுவிட்டுப் போய்விடும். நானும் அப்படித்தான் தட்டியிருக்கிறேன். என் அடுப்படிக்குள் அந்தச் சத்தம் கேட்டால் பீனா லுயாண்டோ வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், காப்பித் தண்ணீரை அடுப்பில் வைப்பேன்.

சிஸ்ஸலின் பச்சைப் புல்லுக்கு ஒரு நீர்யானை வந்தது. வராமல் என்ன செய்யும்? ஊரில் வேறெங்கும் ஒரு வாய்ப் புல் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஃப்ரெயா என்று பேர் வைத்தாள். ஏரிப்பக்கக் கம்பி வேலியை எடுக்கச் சொன்னாள், அது தாராளமாக வந்து போக வேண்டுமாம். தோட்டத்து விளக்கை எல்லாம் அணைத்தாள். தலைநகர் லுசாகாவிலிருந்து தூதரகத்து ஆட்களைக் கூட்டிவந்து, வராந்தாவில் கையில் கோப்பையோடு உட்கார வைத்தாள். விருந்து கொடுத்தது சரி, ஆனால் அந்த நாலுகால் விருந்தாளி கிழக்கு வெளுக்கிற வரைக்கும் அங்கேயே நிற்க ஆரம்பித்தது. அவ்வளவு ருசியான புல்லை விட்டுவிட்டு எது போகும்?

நான் போய்ச் சொன்னேன். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன்.

"சிஸ்ஸல், மழை வர்ற வரைக்கும் புல்லைக் காயவிடுங்க. வேலியத் திரும்பப் போடுங்க. ஜனங்க நடக்கிற சந்து இது."

"டெஸ்பினா, அவ நமக்கு முன்னாடியே இங்க இருந்தவ. அவ எடத்துலதான் நாம இருக்கோம்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ சாமி கும்பிடுவது போல.

"அவ எடம் தண்ணி. உங்க லான் இல்ல."

"நானே கேக்கணும்னு இருந்தேன். காலையில யாரோ டின் தட்டிட்டே போறாங்க. அவ மிரண்டுபோறா. கெஸ்ட்டாலும் தூங்க முடியல. அது உங்க வேலைக்காரம்மாதான? கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. கிரேக்க மொழியில் சொன்னேன், அதனால் அவளுக்கும் புரியவில்லை.

கடையில் வந்து பீனா லுயாண்டோவிடம் கொட்டினேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே சிரித்தாள்.

"அந்த மிருகத்துக்கு வந்த வாழ்வப் பாருங்க! பேரு வச்சாச்சு, விருந்து வச்சாச்சு, பக்கத்துல சத்தம் போடக்கூடாதாம். என் புருஷன் இருந்த வரைக்கும் எனக்கு ஒரு நாள் இப்படி நடந்ததில்ல."

"நாளைக்கு ரெண்டு டின் கொண்டாங்க" என்றேன்.

"மூணு கொண்டாரேன். பீப்பாயவே உருட்டிட்டு வரேன்."

அவளால் முடிந்தால் செய்திருப்பாள். ஆனால் சிஸ்ஸல் சும்மா இருக்கவில்லை. தன் வாட்ச்மேன் முலேயாவைச் சந்து முனையில் நிறுத்தினாள். டின்னோடு வருகிறவர்களிடம் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். முலேயாவுக்கு ஆறு பிள்ளைகள். வேலை போனால் வேறு வேலை இல்லை. நான் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான். "என்ன பண்றது பீனா சிங்க்வா, சம்பளம் குடுக்கிறவங்க சொல்றாங்க" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நானே வேனை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றிப் போய் அவளைக் கூட்டிவந்தேன். பிறகு கியர்பாக்ஸ் போய், வேன் லுசாகாவில் பட்டறையில் கிடந்தது. "தள்ளியே நடப்பேன், விடுங்க, நான் பிறந்ததே இந்தக் கரைல" என்றாள்.

அந்த வியாழக்கிழமை காப்பித் தண்ணீரை எப்போது வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டின் சத்தம் இல்லை. கேட்டது அவள் அலறல்தான்.

ஓடினேன். முலேயா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். அவளிடம் பறித்த டின்னை அவனே பைத்தியம் மாதிரி அடித்துக்கொண்டு ஓடினான். நீர்யானை கரையில் இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. பீனா லுயாண்டோ சுவரோரம் கிடந்தாள். வலது காலைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. என் ஏப்ரனைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். வராந்தாவில் சிஸ்ஸல் இரவு உடையோடு நின்றாள். "அவளுக்கு ஒண்ணும் ஆகலையே? ஃப்ரெயாவுக்கு?" என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆளைத் தாக்கிய மிருகத்தை விட்டுவைக்க மாட்டார்கள். மறுநாள் அந்தி மங்கும் நேரத்தில் அது பழக்கப்பட்ட புல்லுக்கு நம்பிக்கையோடு வந்தபோது, வனக்காவலர்கள் அங்கேயே சுட்டார்கள். அந்தப் பிராணி மேல் எனக்குக் கோபம் இல்லை. அதையும் சேர்த்துத்தான் இவள் கெடுத்தாள். காலையில் மேட்டுக் குடியிருப்பே பாத்திரத்தோடு வந்து நின்றது. சுட்ட மிருகத்தின் இறைச்சி ஊருக்கு, அடிபட்டவர் வீட்டுக்கு முதல் பங்கு. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். சிஸ்ஸல் அதன் மேல் ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்திவிட்டுக் குறுக்கே நின்றாள். புதைக்க வேண்டுமாம். கௌரவமாக.

"அவ பாதிக்கப்பட்டவ! அவள வெட்டித் திங்கிறீங்களா?" என்று அழுதாள்.

"கால் போனது அதுக்கா?" என்று கத்தினேன். "தள்ளு அந்தப் பக்கம். ஊரே பசியில நிக்குது, நீ போர்வை போர்த்தறியா?"

காவலர்களே போர்வையை எடுத்தார்கள். முதல் பங்கை லுயாண்டோ தலையில் சுமந்து போனாள். அம்மா மாதிரியே நிமிர்ந்த நடை, பத்தொன்பது வயசு.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கண் விழித்த பீனா லுயாண்டோவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "தொடைக்கறி குடுத்தாங்களா?" என்று கேட்டாள். கொடுத்தார்கள் என்றேன். "குடுக்கணும். என்னோடத எடுத்துக்கிச்சுல்ல" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சிஸ்ஸல் வந்தாள். கையில் பூங்கொத்து, சட்டம் போட்ட ஒரு புகைப்படம். புல்தரையில் அந்த நீர்யானை. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதப் பாத்தா உங்களுக்கு அவ மேல இருக்கிற கோவம் போயிடும்னு நெனச்சேன். நமக்கு ரெண்டு பேருக்கும் இழப்புதான?"

நான் எழுந்தேன். பீனா லுயாண்டோ என் கையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புல்லு நல்லா பச்சையா இருக்கு. இன்னும் தண்ணி விடறீங்களா?"

சிஸ்ஸலின் முகம் மலர்ந்தது. "பின்ன? காயவிட மனசு வருமா? இன்னொண்ணு கரையோரமா வந்து பாத்துட்டுப் போகுதாம். சின்னது. முலேயாதான் சொன்னான்."

"திங்கக்கிழமையிலேர்ந்து என் மக வேலைக்கு வர்றா. எனக்குப் பதிலா" என்றாள் பீனா லுயாண்டோ. "அந்தச் சந்து வழியாத்தான்."

"ஓ, நல்லது! ஒரே ஒரு விஷயம், சத்தம் போடாம வரச் சொல்லுங்க. சின்னது, சீக்கிரம் பயந்துக்கும்."

பீனா லுயாண்டோ என் கையை விட்டாள்.

சிஸ்ஸலை நான் தொடவில்லை. நேராக வந்து என் விறகுக் கோடரியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முலேயா என் கையைப் பார்த்தான், கேட்டை அகலமாகத் திறந்துவிட்டான். ஏரிக்கரையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை வெட்டினேன். தண்ணீர் என் முகத்தில் அடித்தது. மோட்டாரை அடித்து நொறுக்கினேன். வீட்டுக்குள்ளிருந்து ஏய்ரிக் ஓடிவந்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினான்.

"கூப்பிடு" என்றேன். "புது மோட்டாரும் வாங்கு. நான் திரும்ப வருவேன்."

போலீஸ் வந்தது. புகார் எழுதிக்கொண்டு போனது. திங்கட்கிழமைக்குள் அந்தப் புல் மஞ்சளாகிவிட வேண்டும். அதைப் பார்க்கத்தான் தினமும் அவர்கள் சுவருக்கு மேல் தலையை நீட்டி நிற்கிறேன், கோடரியோடு.