தெர்மாகோல் சிலுவை

ரத்தக்காட்டேரி குஸ்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோரைப்பற்களைக் கழற்றி டிபன் மூடியில் வைத்துவிட்டு, கறுப்பு அங்கி சோற்றில் படாதபடி மடியில் சுருட்டிக்கொண்டு, கிடங்கின் இரும்புக் கதவோரம் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தது. பெயர் ஜெயவேல். பெரம்பூர் ஆள். இத்தனை காலம் சினிமாவில் அடிவாங்கி விழுந்துகொண்டிருந்தவர். இந்தப் படத்தில்தான் முதன்முறையாக அவரைப் பார்த்து மற்றவர்கள் விழுகிறார்கள். அவரோடு நடிக்கும் ஜெனி அவர் முன்னால் வந்தாள். மேக்கப்காரர் கழுத்தில் வைத்துவிட்ட இரண்டு சிவப்புப் புள்ளிகளை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"இன்னாடி, நேத்து கட்ச்சதுலயே ரத்தம் காலியாய்டுச்சா? மூஞ்சி வெளுத்துக் கீது."

வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். கடிபட்ட பெண்களாக நடிக்க ராயபுரத்துத் தெருக்களிலிருந்து பொறுக்கியெடுத்த நான்கு பேரில் அவளுக்குத்தான் வாய் அதிகம். பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் ஒன்றைப் புதிதாக எடுக்கிறார்கள். பழையதில் மண் நிரப்பிய பெட்டிக்குள் படுத்து, பாய்மரக் கப்பலில் வந்த பிசாசு, புதியதில் துறைமுகத்துக் கன்டெய்னரில் வந்து இறங்குகிறது. அதற்காகத்தான் இந்தக் காலிக் கிடங்கைப் பிடித்து, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, உள்ளே ஒரு கல்லறைத் தோட்டமே போட்டிருந்தார்கள். வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் ராத்திரிதான்.

ஜெனி நடிக்கப் போகிறாள் என்றதும் அம்மா சிலுவையம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்பா தாமஸ்தான் குதித்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயில் மைதானத்தில் திரைகட்டிப் போட்ட அந்தப் பழைய படத்தைப் பார்த்துவிட்டு டவுசரை நனைத்துக்கொண்ட கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் சொல்லுகிறவர். கடைசியாகக் கடலுக்குக் கிளம்பும்போதுகூட, ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டே, தன் பேரும் எங்கேயாவது ஒரு மூலையில் திரையில் வருகிற மாதிரிப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார். அவள் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் தெர்மாகோல் சிலுவைகளுக்குப் பெயர் எழுதியவர் அன்புமணி. எம்.கே.பி. நகரில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். வேதக்காரர் பெயர்களாக நாலைந்துக்கு மேல் அவருக்குத் தோன்றவில்லை. தெரிந்த பெயராகச் சொல்லு பாப்பா என்று பிரஷ்ஷோடு அவளிடம் வந்தார். ஜெனிக்கு ஒரே குஷி. பிடிக்காத கணக்கு டீச்சர் பெயரைச் சொன்னாள். குழாயடியில் சண்டை போடும் மெர்லின் அத்தை பெயரைச் சொன்னாள். கேமரா நேராகப் பார்க்கிற நடுச் சிலுவை வந்ததும், அப்பாவின் ஆசை நினைவுக்கு வந்து, தாத்தா பெயரின் முதலெழுத்தோடு அப்பாவின் பெயரை முழுசாகச் சொன்னாள். இது இந்தக் காலத்துப் படம் என்பதால் இறந்த வருஷமாக இந்த வருஷத்தையே போட வேண்டும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அன்புமணி வளைத்து வளைத்து அழகாக எழுதினார். ஜெனி பக்கத்தில் நின்று ரசித்தாள்.

அதற்கப்புறம்தான் வங்கக்கடலில் காற்று திரும்பியது. போன படகுகளையெல்லாம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். காசிமேட்டுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியவையும் திரும்பிவிட்டன. அப்பா போன படகிலிருந்து மட்டும் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. கடற்கரையில் மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மா, இங்கே இருந்து அழாதே, போய் உன் வேலையைப் பார், அப்பா வந்து கேட்பார் என்று அவளை ஷூட்டிங்குக்கு விரட்டினாள். நேற்று கிடங்குக்குள் வந்து அந்த நடுச் சிலுவையைப் பார்த்தபோதுதான் ஜெனிக்கு உறைத்தது. அவர்கள் ஜனத்தில், கடல் திருப்பித் தராத ஆளுக்கும் கல்லறையில் இடம் உண்டு. உடம்பு கிடைக்காவிட்டால், காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் வெறும் மண்ணில் பெயரெழுதிய சிலுவையை நடுவார்கள். கல்லறைத் திருநாளுக்கு அதற்கும் மாலை உண்டு, மெழுகுவர்த்தி உண்டு. கீழே மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு சிலுவையை வீட்டில் யாருக்கும் நட மனம் வராமல் எவ்வளவு தள்ளிப்போடுவார்கள் என்பதை அவள் தெருவிலேயே பார்த்திருக்கிறாள். நட்டுவிட்டால் பிறகு எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அப்பா உயிரோடு கடலில் இருக்கும்போதே அவள் நட்டுவிட்டாள்.

இன்று காலையில் அன்புமணியிடம் போய் அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் காரணம்கூடக் கேட்காமல் பிரஷ்ஷை எடுத்தார். அசிஸ்டென்ட் டைரக்டர் ஓடிவந்து தடுத்தான். நேற்று எடுத்ததில் அந்தப் பெயர் பளிச்சென்று விழுந்திருக்கிறது, இன்று மாறினால் நேற்றைய வேலை மொத்தமும் வீண் என்று கத்தினான். இப்போது மிச்சமிருந்தது ஜெயவேல்தான். அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் போகிற உரிமை இன்றைய ஷாட்டில் அவருக்கு மட்டும்தான்.

"ஜெயவேல்ணா. நடு சிலுவையில எழுதிக் கீதே, அது எங்க நைனா பேரு."

"அதுக்கு இன்னா?"

"நான்தான் குடுத்தேன். நைனா போன போட்டு இன்னும் கரைக்கு வரல."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினாள். நேற்றிலிருந்து ஜெபம் சொல்ல வாயைத் திறந்தாலே அந்த எழுத்துதான் கண்ணில் வருகிறது என்றும், அம்மா கடற்கரையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும்போது தனக்கு மட்டும் எல்லாம் முடிந்துபோனது மாதிரி இருக்கிறது என்றும், இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். ஜெயவேல் சிரிக்க முயன்றார்.

"சினிமாவுல எழுதிட்டா ஆளு பூடுவானா? நான் எத்தினி தபா செத்துக் கீறேன் தெரிமா? பாடையிலயே தூங்கிக் கீறேன்."

"நீங்க ஒங்க பேர்ல சாவலியேணா."

ஜெயவேல் மிச்சச் சோற்றை மூடி வைத்தார். பற்களை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஷாட் இதுதான்: வாய் நிறைய ரத்தத்தோடு கல்லறைக்குள் வருகிற பிசாசு, நடுச் சிலுவையைக் கண்டதும் அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். விளக்குகள் எரிந்தன, புகை விட்டார்கள். ஜெயவேல் வந்தார். சிலுவையைக் கண்டார். பின்வாங்கவில்லை. தடுமாறி முன்னால் போய், முழங்கால் மடங்கி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார். வாயிலிருந்த சாயப்பாகு முழுவதும் அதன்மேல் கொட்டியது. தேய்த்து, முகத்தை வைத்து அழுத்தி, நிமிர்ந்தபோது பெயர் இல்லை. கெட்டிச் சிவப்பு மட்டும் இருந்தது. பிறகு மானிட்டருக்குப் பின்னாலிருந்து டைரக்டர் கைதட்டினார். பிசாசு சிலுவையைக் கட்டிக்கொண்டு அழுகிறது, பழைய படத்தில்கூட இது இல்லை என்றார். அடுத்த ஷாட்டும் இதிலிருந்தே, அந்த ரத்தத்தை ஒருவரும் தொடக்கூடாது என்றார்.

ஜெனியைக் கடக்கும்போது ஜெயவேல் பற்களோடே குழறினார். "மூடிட்டேன் பாப்பா."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. விளக்கை மாற்றுவதற்காக எல்லோரும் கலைந்தபிறகு கிட்டே போய்ப் பார்த்தாள். தெர்மாகோலின்மேல் பளபளப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெல்லப்பாகும் சாயமும் கலந்த ரத்தம் அதில் ஒட்டவில்லை. விளக்குச் சூட்டில் இளகி, மெல்ல, மிக மெல்ல, கீழே வழிந்துகொண்டிருந்தது. முதலில் முதலெழுத்தின் மேல்சுழி தெரிந்தது. பிறகு தா. வாசனை பிடித்து எங்கிருந்தோ எறும்புகள் அதற்குள் வரிசை கட்டிவிட்டன.

அந்த நேரத்தில் இரும்புக் கதவு கிரீச்சிட்டது. வெளி வெயில் ஒரு பாளமாக உள்ளே விழ, கதவை மூடச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள். வாசலில் ஒரு பெண் நின்றாள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. கையில் போன் இருந்தது, காலில் செருப்பு இல்லை. ஷூட்டிங்கில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறாள்.

"ஜெனி… எங்கடி கீற?"

குரல் நடுங்கியது. எதனால் நடுங்குகிறது என்று குரலிலிருந்து தெரியவில்லை. சந்தோஷத்திலும் அம்மாவின் குரல் இப்படித்தான் உடையும்.

ஜெனி திரும்பிச் சிலுவைக்கு முதுகைக் கொடுத்து அழுத்தி நின்றுகொண்டாள். வெதுவெதுத்த பாகு சட்டைக்குள் ஊறியது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டுப் பழக, சிலுவையம்மாள் தன்னைச் சுற்றிலும் சிலுவைகள் நிற்பதைக் கண்டு திகைத்து நின்றாள். எத்தனை அவசரமானாலும் கல்லறைக்குள் வந்தால் கை தானாக நெற்றிக்குப் போகும். போனைப் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு, வழக்கம்போல முதல் பெயரைக் குனிந்து வாசித்தாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். மெர்லின் என்று உதடு அசைந்தது. மறுபடி குனிந்து அதே பெயரை வாசித்தாள்.

கழுத்தில், சிவப்புப் புள்ளிகளுக்குப் பக்கத்தில், முதல் எறும்பு ஏறுவதை ஜெனி உணர்ந்தாள். அசையவில்லை. அம்மா நிமிர்ந்து நடுச் சிலுவையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.