வேணும்னா வாங்கப்பா

சாண்ட்விச்சுக்காகப் பன்றிக்கறியை மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்த நோரீன், அப்பா வீட்டு நடைவழியில் அலமாரிக் கதவு கிறீச்சிடுவதைக் கேட்டதும் கத்தியும் கையுமாக ஓடினாள். அண்ணன் கிளிஃப், அப்பாவின் தகனத்துக்குப் போட்டுப்போன கறுப்புக் கோட்டோடு மண்டியிட்டு, அலமாரிக்குள் இருந்த கேஸ் ஹீட்டரில் கட்டியிருந்த சிவப்பு அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். 'ஆபத்து. பற்றவைக்கக் கூடாது.'

"கை வைக்காத, கிளிஃப்!"

"வந்தவங்கெல்லாம் பல்லு தந்தியடிக்க உக்காந்திருக்காங்க. ஒரு மணி நேரம் எரிஞ்சா குடியா முழுகிடும்?"

"புகை மேல்வீட்டுக்குள்ள போகும். அங்க கைக்குழந்தை இருக்கு."

"உனக்கு எல்லாம் தெரியும்." அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான். "அப்பாவுக்குக் குளிரும்ங்கறது மட்டும் தெரியாமப் போச்சு."

கூடத்தில் ஈனிட் அத்தை டீக்கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தாள். நோரீன் சமையலறைக்குத் திரும்பி மறுபடியும் கறியை நறுக்கத் தொடங்கினாள்.

ஓல்ட்ஹாமில் அந்தப் பத்துமாடி நகரசபைக் கட்டடத்தில், எல்லா வீட்டு ஹீட்டருக்கும் புகை போக ஒரே குழாய்தான். கீழே ஒருவர் வீட்டில் கோளாறென்றால் மேலே இருப்பவர் மூச்சுக்குள் போகும். போன மாதம் ஒரு ஞாயிறு, அப்பா ஹெர்பர்ட் தலைவலி தலைவலி என்று புலம்பியபோது நோரீன்தான் அலமாரியைத் திறந்து பார்த்தாள். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மேலே சுவரில் கரி. உடனே கேஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வந்த ஆள் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், கேஸை அடைத்தார், சிவப்பு அட்டையைக் கட்டினார். இந்த வீட்டை மட்டுமா? அந்தக் குழாயில் இருந்த அத்தனை வீட்டையும். விதி அப்படி. லிஃப்டில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஜனவரிப் பனியில் எந்த வேலைதான் சொன்ன நேரத்தில் நடந்திருக்கிறது? அப்பா பஸ் கண்டக்டர் காலத்துக் கனத்த கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நோரீன் வாங்கிக்கொடுத்த சின்ன மின்சார ஹீட்டர் ஒரு மூலையைத்தான் சூடாக்கியது. அந்த நாற்காலியிலேயே ஒரு காலையில் போய்விட்டார். இதயம் என்றார் டாக்டர். இந்த வயசில் குளிர் இதயத்துக்கு ஆகாது என்று கூடவே சொல்லிவைத்தார், பாவி மனுஷன். யார் கேட்டது?

கிளிஃப் குத்திக்காட்டியதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. போன் போட்டது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். வலித்தது வேறு. அதைச் சொல்ல யாரும் இல்லை.

கடைசி ராத்திரிக்கு முந்தின சாயங்காலம் அப்பா போனில் கூப்பிட்டிருந்தார். அவள் வீட்டு அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கிக்கொண்டிருந்தது. கணவன் டிரெவர் டிவியில் கால்பந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"கை விறைச்சுப் போகுது, நோரீன்."

அப்பா வந்தால் மகளின் அறையைக் காலி செய்ய வேண்டும். டிரெவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான். எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"வேணும்னா இங்க வாங்கப்பா."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நான் சமாளிச்சுக்குவேன்."

"சரிப்பா" என்று போனை வைத்தாள். வைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் இப்போது உறுத்தியது. கிளம்பி இருங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாழாய்ப்போன அந்த 'வேணும்னா' எங்கிருந்து வந்து வாயில் உட்கார்ந்தது!

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. காலையிலிருந்து மேல்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கேஸ்காரர், சட்டையெல்லாம் கரியாக நின்றார். பின்னால் இடுப்பில் குழந்தையோடு மேல்வீட்டு லொரெய்ன்.

"மன்னிக்கணும், இன்னைக்குத்தான் தகனம்னு எனக்குத் தெரியாது" என்று கேஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். "குழாய் மூட்டு விட்டுப்போயிருந்துச்சு. மாத்தியாச்சு. இந்த வீட்டு ஹீட்டர மட்டும் ஏத்திப் பாத்துட்டுப் போயிடறேன்."

"எங்க விட்டுப்போச்சு?" என்று கேட்டான் கிளிஃப்.

லொரெய்ன்தான் பதில் சொன்னாள். "இவன் தொட்டிலுக்கு நேர் பின்னால. வந்து பாருங்க, சுவரெல்லாம் கருப்பு."

கிளிஃப் அவளோடு மேலே போனான். திரும்பி வந்தபோது விறைப்பெல்லாம் இறங்கியிருந்தது. சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"நோரீன், நீ செஞ்சதுதான் சரி. நான் என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவரை வேணும்னா வாங்கன்னு சொன்னேன், கிளிஃப்."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. வேணும்னா வாங்கன்னு."

"கூப்பிட்டிருக்கேல்ல? அப்புறம் என்ன? அவர் பிடிவாதம் நமக்குத் தெரியாதா?" அவன் அவள் தோளைத் தட்டினான். "நான் அதுகூடச் சொல்லல."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குப் புரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அலமாரிக்குள் ஏதோ உறுமியது. ஹீட்டர் காற்று வரும் சுவரடிக் கம்பிச் சாளரத்திலிருந்து முதலில் கருகிய தூசு நாற்றமும், பின்னாலேயே வெதுவெதுப்பான காற்றும் வந்தன. மேசைவிரிப்பின் ஓரம் அசைந்தது. ஒருவர் கையுறையைக் கழற்றினார். இன்னொருவர் கால்களை நீட்டிக்கொண்டார். கூடத்தில் மெல்லப் பேச்சு கூடியது, யாரோ சிரிக்கக்கூடச் சிரித்தார்கள்.

"அப்பாடா!" ஈனிட் அத்தை சாளரத்துக்கு நேரே கைகளை விரித்தாள். "இப்பத்தான் உயிரே வந்துச்சு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, கண்ணு, நான் அந்த அர்த்தத்துல..."

"பரவால்ல அத்தை. கோட்டைக் குடுங்க."

அத்தையின் கோட்டை வாங்கினாள். கிளிஃபின் கோட்டையும், பக்கத்து வீட்டுக்காரர்களின் கோட்டுகளையும் வாங்கினாள். இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய், விரித்தபடி இருந்த கட்டிலில் போட்டாள். கூடத்திலிருந்து இன்னும் யாரோ கூப்பிட்டார்கள். மற்ற கோட்டுகளை வாங்கிவரப் போனாள்.