நிமிராத அலமாரி

அந்தத் தச்சருக்கு அரைநூல் என்று பட்டப்பெயர். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நூல். அதில் பாதிகூடப் பிசகாத கை என்று எல்லாரும் மெச்சினார்கள். மெச்சி மெச்சியே மனுஷனைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தங்கை ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டபோது, கல்யாணத்துக்குப் போகாமல் பட்டறையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தாரே, அந்த வீராப்பு வேறெங்கிருந்து வந்தது?

இரண்டு வருஷம் பேச்சில்லை. தங்கைக்கு இது ஏழாம் மாதம் என்று காதில் விழுந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராது, கைதான் வரும். தேக்கில் ஓர் அலமாரி செய்ய உட்கார்ந்தார். போனில் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க ரூம் எவ்வளவு உயரம்?" எட்டடி என்றாள். அதாவது தொண்ணூற்றாறு அங்குலம். அலமாரியைத் தொண்ணூற்று நாலோடு நிறுத்தினார். இரண்டு அங்குலம் தாராளம் என்று நினைத்தார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் படுக்கைவாக்கில் படியேற்றி அறைக்குள் கொண்டுவந்தார்கள். மறுமுனையைப் பிடித்தவர் தங்கையின் கணவர். வாசலில் அவர் வாய் நிறைய "வாங்க மச்சான்" என்றதற்கு, அரைநூல் "ம்" என்றதோடு சரி. பதிலுக்கு 'மாப்பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரமாட்டேன் என்றது.

அலமாரியை நிமிர்த்தினார்கள். முக்கால்வாசி எழுந்ததும் மேல் மூலை கூரையில் இடித்து நின்றது. திருப்பிப் போட்டும் தூக்கிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து அவர் தலையிலேயே விழுந்தது. டேப்பை எடுத்து அறையை அளந்தார், தொண்ணூற்றாறு. அலமாரியை அளந்தார், தொண்ணூற்று நாலு. அரை நூல்கூடத் தப்பில்லை. தங்கை முன்னால் அவமானமாக இருந்தது. திருப்பி எடுத்துப் போனால் இந்த வீட்டுக்குள் இன்னொரு முறை வர முகமிருக்காது.

கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கை கேட்டாள்: "அலமாரி ஆழம் எவ்வளவுண்ணா?"

"ரெண்டடி."

வந்து அவர் காதிலிருந்த பென்சிலை உருவி, ஓர் அட்டையில் எழுதினாள். "நின்னுட்டா தொண்ணூத்தி நாலுதான். எழும்பும்போது மூலைவிட்டம்ல இடிக்கும்? தொண்ணூத்தி நாலு வர்க்கம், இருபத்தி நாலு வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடு. தொண்ணூத்தேழு சொச்சம். ஒரு அங்குலத்துக்கு மேல இடிக்குது."

"பிதாகரஸா?" என்றார் அரைநூல், ஈனமாக.

"அவரேதான். உனக்கு ரெண்டு கிளாஸ் கீழ இருந்துக்கிட்டு உன் வீட்டுப்பாடத்தை நான்தானே போட்டேன். நீ எங்க படிச்சே."

கணவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடிப்பீடம் நாலு அங்குலம்தானே? அதை அறுத்துடு. தொண்ணூறு ஆயிடும். மூலைவிட்டம் தொண்ணூத்தி மூணுதான் வரும். நிமிர்த்திட்டு, பீடத்தை அடியில தள்ளிக்கலாம்."

இணைப்பே தெரியாமல் இழைத்த தேக்கு. அதில் தன் கையாலேயே ரம்பம் வைத்தார். அறுத்தார். அலமாரி இந்தமுறை எங்கும் உரசாமல் எழுந்து நின்றது.

இனி தங்கை கணவரும் அரைநூலும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்க, அரைநூலே காலால் பீடத்தைத் தள்ள வேண்டும். தூக்கினார்கள். பீடம் பாதியில் சிக்கிக்கொண்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"மாப்பிள்ளை, உங்க பக்கம் ஒரு நூல் ஏத்துங்க."

"ஏத்திட்டேன் மச்சான்."

பீடம் உள்ளே போனது. அலமாரி அதன்மேல் உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது.

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. பென்சிலை அவர் காதில் திரும்பச் செருகினாள். "இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமா?"

"தப்புதாம்மா," என்றார் அரைநூல். பட்டறையில் ஒருநாளும் அவர் சொன்னதில்லை அந்த வார்த்தையை.