சுவரில் ஒரு ‘இ’

புருஷன் இடிக்கிறவன், பெண்டாட்டி கட்டுகிறவள். இந்தக் குடித்தனம் பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய சங்கதி. பழைய சுவரைத் தொட்டுப் பார்த்து என்ஜினீயரம்மா உருகிப்போவாள். அதே சுவரைக் கண்டால் மேஸ்திரிக்குக் கை துறுதுறுக்கும்.

இந்தத் தடவை இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. நூற்றுப்பத்து வயதான தபாலாபீஸ். அதன் கூடத்தை அப்படியே காப்பாற்றி, பின்னால் கிடந்த மனையில் ஒன்பது மாடி எழுப்ப வேண்டும். முன்பு அங்கே கொட்டகைகளில் இருந்த முப்பத்தாறு குடும்பங்கள் மூன்று வருஷமாக வாடகை அறைகளில் காத்திருந்தன. பிளான் அவளுடையது. தீயணைப்பு அதிகாரிதான் முட்டுக்கட்டை போட்டார்.

“இத்தனை பேருக்கு ஒரு வாசல் பத்தாதும்மா. தெருவுக்கு இன்னொரு வழி காட்டுங்க. இல்லேன்னா கூடத்தை எடுத்துடுங்க.”

அன்று பதினோரு மணி வரைதான் கெடு. தெருச்சுவரில் புதிதாக வாசல் வெட்டினால் கூரை இறங்கிவிடும் என்று அவளுக்குப் பயம். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் வழி பிறக்கவில்லை.

கூடத்துக்குள் பிற்பாடு எழுப்பிய தடுப்புகளை மட்டும் எடுப்பதுதான் மேஸ்திரிக்கு அன்றைய வேலை. தொடக்கூடாத சுவர்களில் அவள் காலையிலேயே சாக்பீஸால் ‘இ’ போட்டிருந்தாள். அவள் ஆபீஸில் அதற்கு ‘இருக்கட்டும்’ என்று அர்த்தம். மேஸ்திரியின் ஆட்களுக்கோ ‘இ’ என்றால் ‘இடி’. பன்னிரண்டு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எதையெதையோ பேசித் தீர்த்தார்கள், இதை மட்டும் பேசவில்லை.

சம்மட்டிச் சத்தம் கேட்டு அவள் ஓடிவருவதற்குள் தெருச்சுவரில் ஆளுயர ஓட்டை. அதன் வழியே தெரு தெரிந்தது.

“ஐயோ, என்னங்க பண்ணீங்க! கூரையே அதுமேலதான நிக்குது!”

“நீதானேம்மா இடின்னு எழுதின?”

“இருக்கட்டும்னு எழுதினேன்!”

மேஸ்திரி தலையைச் சொறிந்தான்.

“நான் பாக்காத சுவரா? பாரம் தாங்குற சுவரு ரெண்டு அடிக்கே இப்படிப் பொலபொலன்னு கொட்டுமா?”

அவள் ஏணியில் ஏறி, ஓட்டைக்கு மேலே இருந்த பூச்சைச் சுரண்டினாள். வரிசையாக நிறுத்தி வைத்த செங்கற்கள், அரைவட்டமாக வளைந்து போயின. அந்தக் காலத்துத் தபால் வண்டிகள் நுழைந்த வாசல்! கூரையின் பாரம் முழுவதும் அந்த வளைவின் மேல். அடியில் இருந்தது, பிற்காலத்தில் எவனோ அடைத்த ஒற்றைச் செங்கல் வரிசை. இறங்கி வந்து, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் புருஷன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

அடைப்பு முழுவதையும் மேஸ்திரி எடுத்து முடிக்க, பதினோரு மணிக்கு வந்த அதிகாரி டேப் பிடித்தார். அவர் கேட்டது ஐந்தடி அகலம், இருந்தது ஒன்பது. நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

சேதி எப்படித்தான் பறந்ததோ, சாயங்காலம் காத்திருந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பழக்காரி தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

“இதுல என் வண்டி போகுமா?”

“போய்ப் பாருங்கக்கா,” என்றாள் என்ஜினீயரம்மா.

வளைவுக்கு அடியில், கூடத்தைத் தாண்டி, வெறும் மனைக்குள் வண்டி தடதடவென்று உருண்டு போனது.

“எனக்கு எத்தனாவது மாடி?”

“அஞ்சாவதுக்கா.”

பழக்காரி அண்ணாந்து, காலி ஆகாயத்தில் விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் ஐந்தில் நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“அங்கேருந்து எட்டிப் பாத்தா கீழ என் வண்டி தெரியும்ல?”