அப்ரிசியேஷனுக்குத் தமிழில் என்ன?

1

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. லஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை செல்லப் பெயர்கள் என்பது பற்றி. மேசைக்கு அடியில் போவது, உள்ளங்கையில் கிரீஸ் தடவுவது, காப்பிக் காசு... எங்கள் ஊர் மாசாயில், எதிர்வீட்டுக் கோமளாவிடம் இதைச் சொன்னேன்.

"எனக்கே ஒருத்தர் குடுக்க வந்தாரு சார்" என்றார்.

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2

'பாசிர் கூடாங் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு மேலே காலைச் சூரியன்...'

(வேண்டாம். கோமளா வேலை பார்க்கும் ஸ்டோரில் ஜன்னலே கிடையாது.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோமளா ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். வந்து இறங்கும் பாதுகாப்புக் கையுறைகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அன்று ஒரு கையுறையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். விரல் நுனியில் சொட்டியது. இன்னொன்று; அதுவும் சொட்டியது. இதை மாட்டிக்கொண்டுதான் தொழிலாளி ஐயாசாமி அமில டிரம்மைத் திறக்க வேண்டும்.

சரக்கு கொண்டுவந்த ரூபேந்திரன், பெட்டியின் மேல் ஓர் உறையை வைத்தார்.

"ஸ்மால் அப்ரிசியேஷன் லா, அக்கா."

(கோமளா கொதித்துப்போனார் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவர், "பொய் எழுதாதீங்க சார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. சர்டிபிகேட் குடுக்கிற மாதிரி" என்றார். அடித்துவிட்டேன்.)

3

"அதையே தமிழ்ல சொல்லுங்க தம்பி" என்றார் கோமளா.

"தமிழ்லயா? அது வந்து... அன்பளிப்பு..."

"எதுக்கு?"

"கையெழுத்துக்கு... இல்லக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஓட்டைக் கிளவுசுக்கு நான் கையெழுத்துப் போடணும். அதுக்குக் குடுக்கிறதுக்கு என்ன பேரு?"

ரூபேந்திரனின் காது மடல் சிவந்துவிட்டது. "அலமாக்" என்று மலாயில் ஓர் ஐயோவை மட்டும் முனகிக்கொண்டு உறையைச் சட்டைப்பைக்குள் திணித்தார். பெட்டிகளைத் தானே தூக்கித் திரும்ப வேனில் ஏற்றினார். மறுவாரம் அவர் கொண்டுவந்த கையுறைகள் ஒழுகவில்லை.

4

கோமளாவுக்கு வேலை போவதாக ஒரு முடிவு எழுதினேன். ரூபேந்திரன் பழிவாங்குவதாக இன்னொன்று. இரண்டும் நடக்கவில்லை. கோமளா நிம்மதியாக இருக்கிறார். ரூபேந்திரன் இன்றும் சரக்கு இறக்க வரும்போது, "சாப்டீங்களாக்கா?" என்று கேட்கிறாராம். ஒரு கதைக்கு இது போதுமா என்ற கவலை எனக்கு மட்டும்தான்.

அதனால் கேட்டேன்: "அவரு தயங்காம தமிழ்லயே சொல்லியிருந்தா?"

கோமளா சிரித்தார். பிறகு யோசித்தார்.

"தெரியலையே சார்."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. ரூபேந்திரனின் வாயில் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு, கோமளா என்ன செய்தார் என்பதை நீங்கள் எழுதுங்கள்.