ஐந்தாவதாக வந்தவள்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘வந்துட்டே இருக்கேன்’ என்று போனில் சொன்னால், இன்னும் படுக்கையை விட்டே எழவில்லை என்று அர்த்தம்.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான்தான் ரத்தம் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், கிளம்பினால் பத்து நாள். மகளுக்கு ஒன்றரை வயது. பிரசவ விடுப்பு, சம்பளமில்லாத விடுப்பு, கெஞ்சி வாங்கிய விடுப்பு எல்லாம் தீரப்போகிற நேரத்தில்தான் ஆள் தேட ஆரம்பித்தேன்.

முதலாவது ஆள் நான்கு மணி நேரம் வந்துகொண்டே இருந்தாள். “பஸ்லதான்க்கா இருக்கேன்.” எந்த பஸ்ஸில் குக்கர் விசில் அடிக்கும்? இரண்டாவது ஆள் வந்தாள், உட்கார்ந்தாள், போனுக்கு சார்ஜ் போட்டாள். சார்ஜ் நிரம்பியதும், “யோசிச்சு சொல்றேன்” என்று போய்விட்டாள். மூன்றாவது ஆள் என் மகளைப் பார்த்ததும், “ஐயையோ, குழந்தையா? நாயைப் பாத்துக்கணும்னுல்ல சொன்னாங்க!” என்றாள். நாயென்றால் பரவாயில்லையாம்.

நான்காவது ஆளை நம்பி வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் மதியம் திரும்பினால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே சோபாவில் அவள் குறட்டை. வெளியே மாடிப்படியில் என் மகள் உட்கார்ந்து யாருடைய செருப்பையோ சப்பிக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தன. மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. மேலாளர் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: “இனிமே ஒரு நாள், ஒரே ஒரு நாள் வரலைன்னாலும் உன் இடத்துல வேற ஆள்தான். தப்பா நினைக்காதே.” குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கு மறுநாளே ஐந்தாவதாக வந்தவள் ஆறே கால் என்றால் ஆறே காலுக்கு வந்தாள். ஒல்லியான பெண், அதிகம் பேச்சில்லை. வந்ததும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி ஊரைக் கூட்டவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவுக்கு மூடி போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். கால் மணி நேரத்தில் என் மகள் தானாகவே போய் அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

மூன்று வாரம் நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். நிம்மதி என்று சும்மா சொல்கிறேன். பயம்தான் அதிகம். இப்படிப்பட்ட ஆளை யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களே என்று உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும், “அக்கா, நான் இன்னைக்கு சீக்கிரம் கிளம்பட்டுமா? ஒரு வீட்ல வேலை விஷயமா பேசணும்” என்றாள். போ என்று தலையாட்டினேன். யாருக்கு வேலை என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன். யாரோ ஒரு அம்மாள்.

“உங்க குழந்தையைப் பாத்துக்கறாங்களே, அவங்க உங்க நம்பர் குடுத்தாங்க. ஆள் எப்படிங்க, நம்பலாமா?”

அடிப்பாவி, என்னிடமே சிபாரிசா!

“நேரத்துக்கு வரமாட்டா” என்றேன்.

“அப்படியா? பாத்தா தெரியலையே.”

“எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருப்பா.”

“ம்… இந்தக் காலத்துல யாருதான் போன் பாக்கல?” இந்த அம்மாள் விடமாட்டாள் போலிருந்தது. திங்கட்கிழமை ஏழு மணியும் காலி நாற்காலியும் என் கண்முன் வந்து நின்றன. சொல்லிவிட்டேன்.

“குழந்தைய அடிப்பா. நான் என் கண்ணால பாத்தேன்.”

அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கேங்க. அவங்க என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. இவங்களையே வாங்கன்னு கூப்பிட்டேன், உங்க வீட்டை விட்டு வரமாட்டேன்னுட்டாங்க. தங்கச்சிக்குத்தான் வேலை கேக்கறாங்க. அக்கா எப்படின்னு தெரிஞ்சா தங்கச்சியை நம்பலாமேன்னு கேட்டேன். சரி, வச்சிடறேன்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடும். நான் ஒரு பாவமும் அறியாத இரண்டு பெண்களையும் சேர்த்துக் கெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த அம்மாளையும் கூப்பிட்டு, சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். “எதுங்க பொய்? நேத்து சொன்னதா, இப்ப சொல்றதா?” என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆறே காலுக்கு அழைப்பு மணி அடித்தது. விழுந்தடித்து ஓடிக் கதவைத் திறந்தேன். அவள்தான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. வீட்டுச் சாவியை நீட்டினாள்.

“என்னை மன்னிச்சிடும்மா. நீ போயிட்டா என் வேலையும் போயிடுமேன்னு பயத்துல…”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.” அவள் குரல் உயரவே இல்லை. “என் தங்கச்சி ரெண்டு மாசமா வீடு வீடா ஏறி இறங்கறா. அந்த அம்மாதான் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க.”

அவள் குரல் கேட்டு என் மகள் தத்தித் தத்தி ஓடிவந்தாள். அவள் முன்னால் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். அந்தப் பெண்ணின் கைகளும் தானாக நீண்டன. சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தூக்கமாட்டேன்க்கா. அப்புறம் இதுக்கும் ஏதாவது சொல்லுவீங்க.”

படியிறங்கிப் போனாள். மகள் வீறிட்டு அழுதாள். வாரியெடுத்தேன். என் தோளைத் தள்ளிவிட்டு, அவள் போன பக்கமே கையை நீட்டினாள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.