அண்ணனின் புதிய மாடல்

வருகிற பதினான்காம் தேதி என் அண்ணனின் புதிய மாடல் விற்பனைக்கு வருவதாகச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. அதை முதலில் பார்த்தது அண்ணன்தான். கத்தரியால் ஓரம் பிசகாமல் வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

"ஏ எஸ்தரு, இங்க வந்து பாரு! எடை நாலு கிலோ கம்மி. குறட்டை கிடையாது. மழையில நனைஞ்சாலும் சளி பிடிக்காது!"

விளம்பரத்தில் முகத்தைக் காட்டவில்லை. இருட்டில் ஒரு தோளின் விளிம்பு மட்டும் மின்னியது. அது அண்ணனின் தோள்தான். கூன் மட்டும் இல்லை.

அண்ணன் பெயர் குணசீலன். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும் அவனுக்கு. அவன் நடக்கும் அடிகளை எண்ண மூன்று கைக்கடிகாரங்கள் வைத்திருந்தான். மூன்றும் மூன்று எண்ணிக்கை சொல்லும். அவன் பெரியதை எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவனுக்கு அவனே புதிதாக வருகிறான் என்றால் கேட்கவா வேண்டும்! அந்த இரண்டு வாரமும் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பெருக்கல் கணக்கு போடும்போதே சிரித்துவிடுகிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

மீசையைப் பற்றிப் பல வதந்திகள் உலவின. யூடியூபில் ஒருவர் மீசை மெலிந்திருக்கும் என்றார். இன்னொருவர் மீசையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்றார். அம்மாவுக்கு அதுதான் கவலை. எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா தைரியம் சொன்னார். போன வருடம் அவர் வீட்டுக்காரரின் புதிய மாடல் வந்தபோது நிறம் மட்டும்தான் மாறியிருந்ததாம்.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு வீட்டில் ஒரே ஆளின் இரண்டு மாடல்கள் இருக்கக்கூடாது. பழையதைக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்க வேண்டும். பழையது கிடங்குக்குப் போகும்.

"இதைப் படிச்சியாண்ணே?" என்று கேட்டேன்.

"படிச்சேன். நியாயந்தானே" என்றான்.

பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்கே வண்ணார்பேட்டையில் அந்தக் கடை வாசலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் கயிறு கட்டி வரிசையை வளைத்து வளைத்து விட்டிருந்ததால் எல்லா வளைவுகளிலும் நடந்துதான் போனோம். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்தது. எங்களுக்குப் பின்னால் ஷெர்லின் என்று ஒரு பெண் வந்தாள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாதவள். ஏதாவது மிஞ்சினால் பார்க்கலாம் என்று வந்தாளாம்.

விளக்குகள் அணைந்தன. புகை எழுந்தது. திரை விலகியதும் புதிய மாடல் நிமிர்ந்த தோளோடு நின்றார். மீசை முழுதாக இருந்தது. நான் உடனே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஸ்தோத்திரம்" என்றாள்.

"வணக்கம், எஸ்தர்" என்றார் புதியவர். அண்ணன் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினான்.

கடையில் நசீமா என்ற பெண் பொறுப்பாக இருந்தாள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஆள்காட்டி விரல்களைத் தொட்டுக்கொள்ளச் சொன்னாள். பழையவன் அறிந்ததெல்லாம் புதியவருக்குப் போக வேண்டும். சுவரில் இருந்த பெரிய திரையில் சதவீதம் ஓடியது. பத்து, முப்பது, ஐம்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் அண்ணன் "ஏ போகுது! போகுது!" என்று கத்தினான். அறுபத்திரண்டில் நின்றுவிட்டது.

"இடம் பத்தல சார். ஒண்ணை அழிச்சாத்தான் மேல போகும். இருக்கிறதுலயே பெருசு எதுன்னு பாக்கட்டுமா?"

திரையில் ஒரு வரி வந்தது: குறுக்குத்துறை, ஆறு, எஸ்தருக்கு ஏழு வயது.

அண்ணனின் சிரிப்பு நின்றது. "அதை அழிச்சிரும்மா. திறக்க வேண்டாம். அப்படியே அழிச்சிரு."

"அதுல மேடம் பேரு இருக்கு சார். அவங்க பாத்துட்டு அவங்கதான் அழுத்தணும்."

நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நான் தாமிரபரணியில் முங்கினேன், பன்னிரண்டு வயது அண்ணன் குதித்துத் தூக்கிவந்தான். என் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அம்மா எனக்கு ஜெபம் பண்ணிவிட்டு அவன் தலையிலும் கை வைப்பாள்.

திரையில் வேறு மாதிரி இருந்தது. நான் முங்கியதும் அண்ணன் திரும்பி ஓடினான். படித்துறையைத் தாண்டி, மருதமரங்களைத் தாண்டி ஓடினான். வேட்டி அலசிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் என்னைத் தூக்கிக் கரையில் கிடத்தினார். பிறகு அண்ணன் ஓடின வழியே திரும்பி ஓடிவந்தான். கரையில் கிடந்த என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீரில் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அதே மனிதர் அவனையும் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

"நாந்தான் உன்னைத் தூக்கினேன்னு அம்மா நினைச்சா. நான் இல்லைன்னு சொல்லல" என்றான் அண்ணன். "வருசா வருசம் அவ என் தலையில கை வைக்கா. அதான் பிள்ள, அது பெருசாகிக்கிட்டே போகுது."

"நான் அழிச்சா என்ன ஆகும்?" என்று நசீமாவிடம் கேட்டேன்.

"புதுசுல இருக்காது. பழசுல இருக்கும். பழசுதான் கிடங்குக்குப் போயிருமே."

நான் 'அழிக்க வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினேன்.

"ஏட்டி! என்ன பண்ணிட்ட!"

"நீ திரும்பி வந்ததும் அதுக்குள்ளதாண்ணே இருக்கு" என்றேன். "எனக்கு அது வேணும். இதை வச்சிருக்கிற ஆளுதான் எனக்கு வேணும்."

அண்ணன் விரலை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் புதியவரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த நாலு கிலோ கம்மியை விடுறதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், கடை அதிரும்படி.

"அப்போ நான்?" என்று கேட்டார் புதியவர்.

ஷெர்லின் முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் ஒளி. "அறுபத்திரண்டு எனக்குத் தாராளம்ங்க! நான் கூட்டிட்டுப் போகலாமா?"

நசீமா அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். புதியவர் அவளோடு கிளம்பினார். எங்கள் வீட்டைப் பாதிக்கு மேல் அறிந்தவர் என்பதால் கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னேன். அண்ணன் ஓடிப்போய் அவர் கையில் தன் மூன்று கடிகாரங்களையும் கட்டிவிட்டு, "பெருசா சொல்றதை எடுத்துக்கிடுங்க" என்றான்.

"அம்மாகிட்ட நானே சொல்லிருதேன்" என்றான் வெளியே வந்ததும். "இன்னைக்கே."

சாலையில் பேருந்துகள் நின்றிருந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று வானத்துக்கும் புதிய மாடல் வந்திருந்தது. அதன் மேல் கம்பெனியிலிருந்து ஒட்டி வந்த மெல்லிய தாளை மாநகராட்சிக்காரர்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு மூலை நகத்துக்கு அகப்பட்டுவிட்டது. மேற்கு மூலைக்குச் சாத்தியிருந்த ஏணியில் ஏற இரண்டு பேர் குறைந்தார்கள்.

"வா பிள்ள, வா!" என்று அண்ணன் ஓடினான். நானும் செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.